காற்றைப் பங்கு போட்டவர்கள்

ரிஃபானாவின் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆசையாகப் படித்தவன் நவநீதன் ஒருத்தன்தான். அவளுடைய நெறியாளர்கூட முன்னுரையையும் முடிவுரையையும் பார்த்துவிட்டு, நடுவிலிருந்த சமன்பாடுகளைப் புரட்டிக்கொண்டே போய்விட்டார். நவநீதன் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து, ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதி எழுதிப் படித்தான். அவன் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடப்போய் அவள் ஒரு தேற்றத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. நன்றி சொல்லும் பக்கத்தில் சாச்சா ஜெகபர் அலியின் பெயருக்கு அடுத்தபடியாக அவன் பெயரைப் போட்டாள்.

இருவரும் ஒரே வகுப்பில் பொறியியல் படித்தவர்கள், ஒரே ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள். அவன் பாதியில் விட்டுவிட்டான். "காகிதத்துல சிக்னல் அனுப்பி அனுப்பி அலுத்துப்போச்சு ரிஃபா," என்று சொல்லிவிட்டு, ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் சின்ன டிஷ் பொருத்தி, ஒயர் இல்லாமல் இன்டர்நெட் கொடுக்கும் தொழிலில் இறங்கினான். அவள் படிப்பை முடித்துக்கொண்டு நெடுஞ்சாலையோரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். தில்லை நகரில் அம்மாவோடு இருந்தாள்.

அவளுடைய ஆராய்ச்சியின் தலைப்பைக் கேட்டால்தான் பயமாக இருக்கும். விஷயம் எளிது. காற்று ஒன்று, அதில் பேச வேண்டியவர்கள் பலர். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சத்தமாகப் பேசினால் நாமும் குரலை உயர்த்துகிறோம். அவர் இன்னும் உயர்த்துகிறார். கடைசியில் எல்லாருக்கும் தொண்டை வறண்டதுதான் மிச்சம், யார் சொன்னதும் யார் காதிலும் விழுவதில்லை. ரேடியோ அலையிலும் இதே கதைதான். இதை ஓர் ஆட்டமாக எடுத்துக்கொண்டு, ஆடுகிற ஒவ்வொருவரும் தன் லாபத்தை மட்டுமே பார்த்தாலும் கடைசியில் எல்லாருக்கும் காது கேட்கும்படி விதிகளை எப்படி வகுப்பது என்று ஆட்டக் கோட்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டிருந்தாள். இது ஒரு நாள் தன் சொந்தக் குடும்பத்துக்கே தேவைப்படும் என்று அவள் நினைத்ததில்லை.

சாச்சா ஜெகபர் அலி அவளுடைய அத்தாவின் தம்பி. அத்தா இறந்தபோது அவளுக்கு ஒன்பதாம் வகுப்பு. அதற்குப் பிறகு அவள் படிப்புக்குத் துணையாக முன்னால் நின்றவர் அவர்தான். ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, முதலில் கல்யாணம், பிறகு மற்றதெல்லாம் என்று உறவில் பலர் பேசினார்கள். "அவ படிக்கட்டும். கேக்கறவங்க என்கிட்ட வந்து கேளுங்க," என்று ஒரே வார்த்தையில் முடித்து வைத்தார். பெரிய கடை வீதிக்குப் பின்னால், நெருக்கமான சந்துகளில், முன்பு கேபிள் டிவி நடத்தியவர், காலம் மாறியதும் நவநீதனைப் போலவே டிஷ் வைத்து இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள். சாயங்காலமானால் துபாயிலிருந்தும் தமாமிலிருந்தும் வீடியோ கால் வரும்.

மூன்றாவதாக ஒருவர் பொன்மலையில் இருந்தார். பெயர் அமிர்தராஜ். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸ் பக்கத்திலும் சுற்றுப்பட்டிலும் அவருடைய டிஷ்கள்தான். மூவரும் பயன்படுத்தியது அரசாங்க உரிமம் தேவைப்படாத அலைவரிசை. யார் வேண்டுமானாலும் வரலாம், யாரும் யாரையும் போ என்று சொல்ல முடியாது.

ஒரு நாள் மத்தியானம் நவநீதன் கல்லூரி கேன்டீனுக்கே அவளைத் தேடிக்கொண்டு வந்தான்.

"மூணு பேரும் ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் நெரிச்சுக்கிட்டு இருக்கோம் ரிஃபா. உங்க சாச்சா பவரை ஏத்துனா நானும் ஏத்துறேன். நான் ஏத்துனா பொன்மலைல அவரும் ஏத்துறாரு. சாயங்காலம் ஆனா மூணு பேரு நெட்டும் நொண்டுது. பெரிய கம்பெனிக்காரன் கேபிளை இழுத்துட்டு வர்றதுக்குள்ள நாங்களே எங்களை அழிச்சுக்குவோம் போல."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"உன் தீசிஸ்ல இருக்கறதைச் செஞ்சு பாக்கலாமா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அன்று மத்தியான வகுப்பில் பையன்கள் சிரித்தது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. பாதியில் பாடத்தை விட்டுவிட்டுப் பலகையில் திருச்சி வரைபடத்தை வரைந்துகொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஏற்பாடு இதுதான். மூன்று பேருடைய நிலையங்களும் தங்களிடம் இந்த நிமிஷம் எத்தனை வீடுகள் இணைப்புக்காகக் காத்திருக்கின்றன என்று ஒரு பொதுக் கணினி நிரலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நிரல் தேவையைப் பார்த்து அலைவரிசையைத் துண்டு போட்டுக் கொடுக்கும். கூட்டம் அதிகமான இடத்துக்கு அதிகத் துண்டு, குறைந்த இடத்துக்குக் குறைவு. யாரும் கொடுத்ததற்கு மேல் கத்தக் கூடாது. ஒருத்தர் விதியை மீறினால் மற்ற இருவரும் அவரை ஏற்பாட்டிலிருந்து வெளியே தள்ளிவிடலாம்.

சாச்சாவிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் அசர் தொழுதுவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். துண்டு, நிரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்தபின் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஸ்ரீரங்கத்துப் பையன் எப்படிம்மா?"

"என்னை எப்படி நம்புவீங்களோ அப்படி நம்பலாம் சாச்சா."

"அப்ப சரி. நீ சொன்னாச் சரிதான்."

அமிர்தராஜ் அவ்வளவு சுலபத்தில் சம்மதிக்கவில்லை. பணிமனையில் மற்றவர் செய்த வேலையைச் சோதித்துப் பார்த்தே காலம் கழித்தவர். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். கூட்டம் அதிகம்னு சொன்னாத் துண்டு அதிகம் கிடைக்கும். அப்ப ஒருத்தர் இல்லாத கூட்டத்தை இருக்குன்னு சொன்னா?"

"அதுக்குத்தான் சார் காது வைக்கிறோம். ஒவ்வொரு மாடியிலயும் ஒரு சின்ன ரிசீவர். மத்தவங்க ஏரியாவுல நெசமா எத்தனை டிஷ் பேசுதுன்னு அது கேட்டுக்கிட்டே இருக்கும். சொன்னதும் கேட்டதும் ஒத்துப்போகலன்னா நிரலுக்கே தெரிஞ்சிரும்."

"அப்ப எனக்குச் சம்மதம்," என்றார் அமிர்தராஜ்.

காது வேண்டாம் என்று சொன்னது நவநீதன். அதைச் சண்டையாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னான். "மூணு பேரும் ஒக்காந்து டீ குடிச்சு, கை குடுத்துப் பேசி முடிச்சிருக்கோம். அதுக்கப்புறம் ஒருத்தர் வீட்டை ஒருத்தர் ஒட்டுக் கேக்கற மாதிரி மெஷின் வைக்கிறது நல்லாவா இருக்கு? உங்க சாச்சா வயசுக்கு அவரு என்ன நெனைப்பாரு? முதல்ல ஓட்டிப் பாப்போம். சந்தேகம் வந்தா வெச்சுக்கலாம்."

சாச்சா நிச்சயம் சங்கடப்படுவார் என்று அவளுக்கும் தோன்றியது. அவரைக் கேட்காமலேயே தலையாட்டிவிட்டாள். அமிர்தராஜிடம், காது பிறகு வரும் என்றாள். அவர், "நீங்க பொறுப்புன்னா சரி," என்றார்.

ஏற்பாடு வேலை செய்தது. அவள் ஏட்டில் போட்ட கணக்கைவிட நன்றாகவே செய்தது. மூவரும் பவரைக் குறைத்தார்கள், மூவருக்கும் வேகம் கூடியது. சாச்சாவின் தெருவில் ஜஹானாரா என்று ஒரு பெண் இருந்தாள். புருஷன் தமாமில். சாயங்கால அழைப்பில் அவன் கைக்குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதும், குழந்தை திரையைத் தட்டுவதும் தடங்கலே இல்லாமல் நடப்பதாக ஜஹானாரா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஒரு முறை ரிஃபானாவைத் தெருவில் நிறுத்தி, "நீதானாமே இதுக்குக் காரணம். உனக்காக துஆ செஞ்சேன்," என்றாள். ஆராய்ச்சி மாநாட்டில் கிடைத்த பரிசைவிட அவளுக்கு அது பெரிதாக இருந்தது. வாரம் ஒரு முறையாவது நவநீதனும் அவளும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் நின்று, அந்த வார எண்களை வைத்துக்கொண்டு பழைய ஆய்வகத்து நாட்களைப் போலவே வாதாடினார்கள்.

மழைக்காலம் வந்து போனது. எது எப்போது கெட ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, சாச்சா கடைக்குக் கிளம்பிப் போனதும் சுராயா சாச்சி அவளை அடுப்படிக்கு அழைத்தாள்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு உங்க சாச்சா. நீ வருத்தப்படுவியாம். ஆனா எனக்கு மனசு கேக்கல. நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரா டிஷ்ஷைக் கழட்டிட்டுப் போறாங்க. ராத்திரி தூங்கறதே இல்ல அவரு."

"ஏன் சாச்சி, என்ன ஆச்சு?"

"எனக்கென்ன தெரியும்? ஜஹானாராகூட மாத்திட்டா. போய்க் கேளு."

ஜஹானாராவின் மாடியில் புது டிஷ் வடக்கே ஆற்றுப் பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் சங்கடத்தோடுதான் பேசினாள். "ஆறு மணிக்கு மேல அவரு மொகம் அப்படியே நின்னுபோவுது. கொரல் ஒரு பக்கம், மொகம் ஒரு பக்கம். புள்ள பயந்து அழுவுது. எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்கறது? உங்க சாச்சாவும் பாவம், வந்து வந்து பாத்தாரு, ஒண்ணும் ஆவல."

"இது யார் கம்பெனி?"

"ஸ்ரீரங்கத்துக்காரங்கதான். முதலாளியே நேர்ல வந்தாரு. ரொம்ப மரியாதையான ஆளு. உன்கூடப் படிச்சவராமே? உன் பேரைச் சொன்னதும்தான் சரின்னேன்."

ரிஃபானா தெருவிலேயே நின்று நவநீதனுக்கு போன் செய்தாள். அவன் தடுமாறவில்லை. அவர்களாகவே வந்து கேட்டார்கள், மறுத்தால் வேறு பெரிய கம்பெனிக்குப் போயிருப்பார்கள், சாச்சாவிடம் நானே பேசுவதாக இருந்தேன் என்றான். "அவரு மெஷின் பழசு ரிஃபா. கெடைக்கற துண்டை அதால ஒழுங்காப் பயன்படுத்த முடியல. நீ ஒரு தடவை பாத்துக் குடேன்." அவன் குரலில் இருந்த அக்கறையைக் கேட்டு அவளுக்குத் தன் சந்தேகமே வெட்கமாகப் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாச்சாவின் மாடியில் ஏறி மெஷினைப் பிரித்துப் பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை. வந்த துண்டு முழுதும் உபயோகமாகிக்கொண்டிருந்தது. வந்ததே குறைவாக இருந்தது, அவ்வளவுதான். சாயங்காலமானால் நிரல் ஸ்ரீரங்கத்துக்கு அள்ளிக் கொடுத்தது. ஸ்ரீரங்கத்தில் அவ்வளவு பேர் காத்திருப்பதாகச் சொன்னது.

கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு ரிசீவரை எடுத்து வந்தாள். நவநீதன் வேண்டாம் என்ற அதே காது. அதை சாச்சா மாடியிலேயே வடக்கு நோக்கி வைத்துவிட்டு, ஒரு வாரம் போல, கல்லூரி விட்டதும் நேராக அங்கே வந்து உட்கார்ந்தாள். மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் மலைக்கோட்டையில் விளக்குப் போடுவார்கள். சந்துக்குள் ஒவ்வொரு வீட்டிலும் போன்கள் அடிக்கத் தொடங்கும். மடிக்கணினியில் இரண்டு கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ஒன்று ஸ்ரீரங்கம் சொன்னது. மற்றது காது கேட்டது. சொன்ன கோடு மேலே போயிற்று, கேட்ட கோடு கீழேயே நின்றது. ஸ்ரீரங்கத்தில் காத்திருப்பதாகச் சொல்லப்பட்ட வீடுகளில் ஒரு பகுதிக்கு டிஷ்ஷே இல்லை. அப்படி வீடுகளே இல்லை.

அதைக்கூட அவள் ஒரு கோளாறு என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டிருப்பாள். ஆனால் கோடுகளின் வடிவம் அவளை விடவில்லை. பொய் எப்போதும் சிறியதாக இருந்தது. சாச்சாவிடமும் அமிர்தராஜிடமும் உண்மையிலேயே கூட்டம் ஏறும்போது மட்டும் ஏறியது, அதனால் ஒப்பிட்டுப் பார்த்தாலும் ஊரெங்கும் கூட்டம் என்றே தோன்றும். நடுநடுவே, பகல் வேளைகளில், உண்மையான எண்ணிக்கையைவிடக் குறைத்தும் சொல்லியிருந்தது.

இதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள் என்ன, எழுதியதே அவள்தான். ஆய்வேட்டின் ஏழாம் அத்தியாயம் ஒரு பொய்யனைப் பற்றியது. காது இல்லாத ஏற்பாட்டில் கெட்டிக்காரப் பொய்யன் ஒருவன் எப்படிப் பொய் சொன்னால் கடைசி வரை பிடிபடாமல் மற்றவர் பங்கைத் தின்ன முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டி, ஆகவே காது அவசியம் என்று முடித்திருந்தாள். உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில் நவநீதன் பென்சிலால், "இது எதுக்கு? இதனால அவனுக்கு நஷ்டம்தானே?" என்று எழுதியிருந்தான். படித்துறையில் உட்கார்ந்து அவள்தான் விளக்கினாள். "நல்லவனாத் தெரியறதுக்குடா. எப்பவாச்சும் விட்டுக் குடுத்தாத்தான் அவன் சொல்ற மத்ததை எல்லாம் நம்புவாங்க." அவன் சிரித்து, அவளைப் பெரிய கள்ளி என்றான்.

கீழேயிருந்து சாச்சி டீ குடிக்கக் கூப்பிட்டாள். இதோ வரேன் என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் இறங்காமல் இருந்தாள்.

மறுநாள் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் போனாள். சித்திரை வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில்தான் நவநீதனின் அலுவலகம். காலைக் கூட்டம் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பூக்காரம்மாக்களையும் ஆட்டோக்களையும் சுற்றி ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடி, கடைசியில் மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவன் தனியாக இருந்தான்.

"வா ரிஃபா. காபி வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். உன்கிட்ட சாயங்காலம் மட்டும் வர்றாங்களே, டிஷ் இல்லாதவங்க, அவங்கல்லாம் யாரு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மடிக்கணினியை மெதுவாக மூடினான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று கடைசி நிமிஷம் வரை அவள் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடிலேர்ந்து. சென்னைல ஒரு கம்பெனி என்னோடதை வாங்கிக்கறேன்னு வந்தாங்க. வேகம் காட்டணும், வீடு ஏறணும்னாங்க. ஸ்ரீரங்கத்துல கோபுரத்தைச் சுத்தி ஒசரமாக் கட்ட விடமாட்டாங்க, உனக்கே தெரியும். என் சிக்னல் போறதே கஷ்டம். வேற வழி தெரியல."

"காது வேண்டாம்னு சொன்னியே, அப்பவே முடிவு பண்ணிட்டியா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "இல்ல. அப்ப அப்படி எண்ணம் இல்ல. நெசமா இல்ல. ஆனா ஒரு வழி திறந்து இருக்கட்டும்னு தோணுச்சு."

"என் ஏழாவது அத்தியாயத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்க."

"அதைவிட நல்லா யாராலயும் எழுத முடியாது ரிஃபா." அதை அவன் பாராட்டாகவே சொன்னான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஜஹானாரா வீட்டுல என் பேரைச் சொல்லித்தான் டிஷ் மாட்டுன."

"கூடப் படிச்சவன்னுதானே சொன்னேன். அதுல பொய் இல்லையே." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஒவ்வொருத்தனும் தன் லாபத்தைத்தான் பாப்பான்னு முதல் பக்கத்துல எழுதுனது நீதானே. நான் பாத்தா மட்டும் குத்தமா?"

"அது கணக்குக்காக வெச்சுக்கிட்டது நவநீ. மனுஷன் அப்படின்னு வெச்சாத்தான் தேற்றம் நிக்கும். உன்னை நெனச்சு நான் எழுதல."

"வியாபாரம் கைமாறட்டும். அப்புறம் உன்னையும் உள்ள கொண்டு வரேன். ஆராய்ச்சிக்குன்னே தனியா ஒரு இடம் வாங்கித் தரேன். கல்லூரில இப்படிக் கெடந்து அவஸ்தைப்பட வேண்டாம்."

அவள் எழுந்துகொண்டாள். தெருவுக்கு வந்து ஸ்கூட்டரை எடுத்தாள்.

காவிரிப் பாலத்தில் பாதியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டினாள். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தன. துண்டு போனதோ வாடிக்கையாளர் போனதோ அப்போது அவளுக்கு நினைவில் இல்லை. அந்தப் படித்துறை நாட்களைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். அன்று அவன் சிநேகிதனாகத்தான் படித்தானா? அல்லது அப்போதே, என்றைக்காவது உதவும் என்று, எங்கே எது இருக்கிறது எனப் பார்த்து வைத்துக்கொண்டானா? முன்னதாக இருந்திருந்தால் இன்று இழந்தது ஒரு சிநேகிதனை. பின்னதாக இருந்திருந்தால் அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லை. எது என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அவனைக் கேட்டிருந்தாலும், அவன் சொல்லும் பதிலை இனி எதை வைத்து நம்புவது?

அன்று சாயங்காலமே அமிர்தராஜைச் சாச்சா வீட்டுக்கு வரச் சொல்லி, இருவருக்கும் நடந்ததைச் சொன்னாள். காது வேண்டாம் என்று அவன் கேட்டதையும், தான் தலையாட்டியதையும் சேர்த்தே சொன்னாள்.

அமிர்தராஜ் கொதித்துப்போனார். "அன்னைக்கே கேட்டேன் மேடம் நான். இப்ப என்ன, நானும் பாயும் ஃபுல் பவர்ல போட்டு அமுக்குவோம். ஒரு வாரம் அவன் நெட்டு எழுந்திரிக்கக் கூடாது."

"அப்படிப் பண்ணா அங்க இருக்கற வீட்டுக்காரங்களுக்குத்தான் சார் கஷ்டம். உங்க ரெண்டு பேரு நெட்டும் சேந்துதான் விழும்."

சாச்சா அதுவரை வாயே திறக்கவில்லை. சுராயா சாச்சி கொண்டு வந்து வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சாச்சா, அவன் என்னை ஏமாத்திட்டான்," என்றாள் ரிஃபானா. அவர் ஏதாவது பேசிவிட வேண்டும் என்பதற்காகவே சொன்னாள்.

"உன்னை அவன் ஏமாத்துனான். சரி." அவர் குரல் உயரவில்லை. "அவனை எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கு டீக்கடைல கை குடுத்ததோட சரி. நான் அவனை நம்பவே இல்லையே. உன்னைத்தான் நம்புனேன்."

அவள் தலைகுனிந்தாள்.

"அந்தக் காது வேண்டாம்னு சொன்னப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு நெனச்சேன்."

"நான் யாவாரம் பண்றவன். எடைக்கல்லைச் சோதிச்சா எனக்கென்ன சங்கடம்? வையின்னுதான் சொல்லியிருப்பேன்." அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "அவனுக்குச் சங்கடமா இருந்துச்சு. அதை நீ எனக்குன்னு எடுத்துக்கிட்ட." பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அமிர்தராஜ் டீயைக் குடிக்காமலே விடைபெற்றார்.

ஸ்ரீரங்கத்தை ஏற்பாட்டிலிருந்து அன்றைக்கே நீக்கினாள். அது ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை. நவநீதன் அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் சென்னைக் கம்பெனி அவன் தொழிலை வாங்கிக்கொண்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. நெரிசலான ஊரில் அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ளும் தொழில்நுட்பத்தைச் சொந்தமாக உருவாக்கிய திருச்சி இளைஞர் என்று எழுதியிருந்தார்கள். அது தன் ஆராய்ச்சி என்று ரிஃபானா கல்லூரி முதல்வரிடம் போய்ச் சொன்னாள். அவர் பரிவோடு கேட்டுவிட்டு, இதில் கல்லூரியின் பெயரை இழுக்க வேண்டாம் என்றார். வக்கீல் ஒருவர், எழுத்தில் ஒப்பந்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். டீக்கடையில் கை கொடுத்துக்கொண்டதுதான் உண்டு. அதோடு விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்று சொன்னாலும், வகுப்பில் ஆட்டக் கோட்பாடு நடத்தும்போது முதல் அனுமானத்தைப் பலகையில் எழுதிவிட்டு அவள் அதை அழித்து மறுபடி எழுதுவதை மாணவர்கள் கவனித்தார்கள்.

சாச்சாவின் தொழில் செத்துவிடவில்லை. அவருக்கும் அமிர்தராஜுக்கும் மட்டுமான ஏற்பாட்டைப் புதிதாக எழுதினாள். ஸ்ரீரங்கத்துக் கம்பெனி கத்தும் அலைவரிசையை விட்டு விலகி, ஒதுக்குப்புறமான இடத்தில் இருவருக்கும் துண்டு போட்டாள். இரண்டு மாடிகளிலும் காதுகள் வைக்க வேண்டியிருந்தது. பொன்மலையில் வைத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை பெரிய கடை வீதிக்குக் கருவிப் பையோடு வந்தாள். போன சில வீடுகள் திரும்பி வந்திருந்தன. ஜஹானாரா வரவில்லை. அவளுக்கு ஸ்ரீரங்கத்து இணைப்பில் குறை ஒன்றும் இல்லை.

சாச்சா கடை வாசலில்தான் இருந்தார். வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க," என்றார். "மேல தொறந்துதான் இருக்கு. ஏணி வேணுமின்னா ஆளை அனுப்பறேன்."

பிறந்ததிலிருந்து அவளை நீ என்று மட்டுமே அழைத்த மனிதர். வாடிக்கையாளர் பக்கத்தில் இருப்பதால் அப்படிச் சொன்னாரோ என்று அவள் ஒரு கணம் நின்றாள். வாடிக்கையாளர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"சாச்சா..."

"வேல முடிஞ்சதும் அமிர்தராஜ் சார் ஒரு தடவை பாத்துக்கறேன்னாரு. அவரு பாத்ததும் ஆன் பண்ணிக்கலாம். உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

"இல்ல சாச்சா. பாக்கட்டும்."

"டீ சாப்டுட்டுப் போங்க. சாச்சி உள்ளதான் இருக்கா," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

ரிஃபானா படியேறினாள். வெயிலில் மொட்டை மாடித் தளம் கொதித்தது. பையைத் திறந்து ரிசீவரை எடுத்து, கம்பத்தில் பொருத்தி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினாள். பொன்மலைப் பக்கம் திசை சரியாக இருக்கிறதா என்று மறுபடி பார்த்தாள். பிறகு அமிர்தராஜுக்கு போன் செய்து, வந்து சோதித்துக்கொள்ளலாம் என்று சொன்னாள்.